தேரடி, செக்டர் ரெண்டு: கேட்டது யார்?

கம்பெனி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கார்த்திக் வந்து நின்றான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவன் அவன். "அண்ணாச்சி, கன்ட்ரோல் சேனல் எப்படி வேலை செய்யுதுன்னு புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்குப் புரியற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாங்க. புஸ்தகத்துல படிச்சா தூக்கம் வருதுங்காங்க" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தூக்கம் வருகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான்.

"இனிமே டெஸ்கே கிடையாது அண்ணாச்சி. எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பாத்து மாத்திக்கிடுது. யாரும் யாருக்கும் போன் போட்டுக் கேக்க வேண்டாம்."

அவன் போன பிறகும் வாசலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். டெஸ்க் என்பது மற்றவர்களுக்குச் சென்னையில் ஒரு மூன்றாம் மாடி. எனக்கு அது ஒரு குரல். பதினோரு வருஷம் கேட்ட குரல். அந்தக் குரலுக்கு உரியவரை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அவருடைய வேலை போனதும் என்னால்தான். ஆகவே கார்த்திக் கேட்ட பக்கங்களில் கன்ட்ரோல் சேனலும் வரும், ஸ்டெல்லா மேடமும் வருவார். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுத எனக்குத் தெரியாது.

நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ராஜபாளையத்தில் டி.வி. ரிப்பேர், அப்புறம் கேபிள், அப்புறம் டவர் கட்டுகிற கான்ட்ராக்டரிடம் ஏறி இறங்குகிற வேலை. 2ஜி காலத்தில் கம்பெனிக்குள் எடுத்துக்கொண்டார்கள். 4ஜி வந்தபோது சென்னைக்குக் கூப்பிட்டு இரண்டு வாரம் வகுப்பு நடத்தினார்கள். ஏ.சி. அறையில் ஜலதோஷம் பிடித்ததும், மதியச் சாப்பாட்டில் சாம்பார் தித்தித்ததும்தான் அதில் நன்றாக நினைவிருக்கிறது. படித்ததெல்லாம் மண்டையில் ஏறியது ஊர் திரும்பி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காரில் தெருத் தெருவாகச் சுற்றியபோதுதான். லேப்டாப்போடு ஒரு டெஸ்ட் போன் இணைந்திருக்கும். அந்த போனும் டவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் திரையில் வரி வரியாக ஓடும். வெளியே வெயில் கொளுத்தும். எனக்கு அந்த வரிகளைவிட்டுக் கண்ணை எடுக்க மனசு வராது.

பிள்ளைகளே, விஷயம் இவ்வளவுதான். உங்கள் போன் இஷ்டத்துக்கு வாயைத் திறக்க முடியாது. டவர் ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் (இந்தத் தலைப்புதான் கன்ட்ரோல் சேனல்) ஒரு குறிப்பு எழுதுகிறது: இந்தத் துண்டில் இன்ன போனுக்கு இன்ன இடத்தில் சரக்கு இருக்கிறது, எடுத்துக்கொள். போன்கள் அந்தத் தலைப்பைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. என் எண் இருக்கிறதா? இல்லை. அடுத்தது. இல்லை. அடுத்தது. உங்கள் போனுக்கு ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் அது முதலில் கை தூக்க வேண்டும். "எனக்கு இடம் வேண்டும்" என்கிற ஒரே ஒரு சின்ன சைகை, அவ்வளவுதான். டவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் தலைப்பு ஒன்றில் எழுதும்: நீ, இந்த இடம், இன்னும் நாலு துண்டு கழித்து. இதற்குத்தான் கிராண்ட் என்று பெயர். நாலு மில்லிசெகண்ட் கழித்து போன் அனுப்பும். கிராண்ட் வராவிட்டால் அனுப்பாது. மறுபடி கை தூக்கும், மறுபடி காத்திருக்கும்.

இப்போது தலைப்புக்கு எவ்வளவு இடம் என்று பார்ப்போம். ஒரு துண்டுக்குள் பதினாலு வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைச் சிம்பல் என்போம். முதல் ஒன்று, இரண்டு அல்லது மூன்று வரிகள் தலைப்புக்கு. மிச்சம் சரக்குக்கு, அதாவது உங்கள் பேச்சுக்கும் படத்துக்கும். தலைப்பைச் சுருக்கினால் சரக்குக்கு இடம் கூடும், ஸ்பீடு ஏறும். ஆனால் தலைப்பில் எழுதக்கூடிய பெயர்கள் குறையும். இன்னொரு சங்கடமும் உண்டு. டவருக்குப் பக்கத்தில் நிற்கிற போனுக்கு அதன் பெயரை ஒரு தடவை எழுதினால் போதும், படித்துக்கொள்ளும். தூரத்தில் இருக்கிற போனுக்கு அதே பெயரை நாலு தடவை, எட்டுத் தடவை எழுத வேண்டும். அப்போதுதான் அதற்குக் கண் தெரியும். ஒரே வரித் தலைப்பு வைத்திருக்கும்போது தூரத்து போன் ஒன்று வந்துவிட்டால் அந்த மில்லிசெகண்ட் அதற்கே சரியாகப் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சென்னை வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. ஸ்டெல்லா மேடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஃபீல்டில் இருக்கிறவன் டவரில் போட்டிருக்கிற எந்த மதிப்பையும், தலைப்புக்கு எத்தனை வரி என்பதைக்கூட, தானாக மாற்ற முடியாது. டெஸ்க்குக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும். தென்மாவட்டங்களுக்கு ஸ்டெல்லா மேடம்தான் டெஸ்க் லீட். என்னைவிடப் பத்து வயது இளையவர், பதவியில் எனக்கு மூன்று படி மேலே. ஊர் தூத்துக்குடிப் பக்கம். அதிகாரிகளிடம் பேசும்போது இங்கிலீஷ் பொரிந்து தள்ளுவார். என்னிடம் நம் ஊர்ப் பேச்சு.

"சொல்லுங்க அண்ணாச்சி. சைட்?"

"பஞ்சு மார்க்கெட்."

"செக்டர்?"

"மூணு."

"பழைய மதிப்பு?"

புது மதிப்பை அவர் கேட்கவே மாட்டார். பழசைத்தான் முதலில் கேட்பார். எனக்கு அது தெரியாவிட்டால் தீர்ந்தது. "பழசு என்னன்னு தெரியாம புதுசு குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. பாத்துட்டு வாங்க." ஒருநாள் வெயிலில் மண்டை காய்ந்து நின்றபோது இதைச் சொன்னார். "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு என்ன வேணாலும் பேசலாம் மேடம்" என்று கத்திவிட்டுப் பட்டென்று போனை வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கூப்பிட்டேன். "சொல்லுங்க அண்ணாச்சி. பழைய மதிப்பு?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. சொன்னேன். "நீங்க சொல்றது இங்க செக்டர் மூணுல இல்லியே, ஒண்ணுல இல்ல இருக்கு" என்றார். நான் செக்டரையே, அதாவது டவர் பார்க்கிற திசையையே, மாற்றிப் பார்த்திருந்தேன். அவர் கேட்காமல் போட்டிருந்தால் நல்ல செக்டர் ஒன்று கெட்டிருக்கும். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மதிப்பை மாற்றியதும் "போட்டாச்சு" என்பார். அதன் பிறகு மூன்று நிமிஷம் லைனிலேயே இருக்க வேண்டும். மாற்றம் படிந்துவிட்டதா, ஏதாவது கோளாறாகிறதா என்று நான் இங்கே பார்ப்பேன், அவர் அங்கே பார்ப்பார். போனை வைக்கக் கூடாது என்பது விதி. முதல் வருஷம் அந்த மூன்று நிமிஷமும் இரண்டு பேரும் ஊமையாக இருந்தோம். அப்புறம் மெள்ள மெள்ளப் பேச்சு வந்தது. அவருடைய அம்மாவின் முழங்கால் வலி. என் மகளின் பரீட்சை. சென்னையில் வாங்குகிற மீன் வாயில் வைக்க விளங்கவில்லை என்கிற புலம்பல். நான் ஒருதரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கூரியரில் அனுப்பி, அது புளித்துப்போய்ச் சேர்ந்தது. "அண்ணாச்சி, நீங்க அனுப்புன தயிர் கெடச்சுது" என்றார் பாவி மனுஷி. காலேஜ் படிக்கும்போது அவர் அய்யனார் கோவில் அருவிக்கு டூர் வந்து ஒரு செருப்பைத் தண்ணீரில் விட்டிருக்கிறார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த மூன்று நிமிஷத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்.

"தண்ணி விழுதா அண்ணாச்சி?"

"எம்புட்டு விழுதுங்கீங்க! ரோடு வரைக்கும் சத்தம் கேக்கு."

"என் செருப்பு வந்துச்சான்னு பாருங்க."

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் இருக்கும், சில நாள் இரண்டு. பதினோரு வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் எத்தனை மூன்று நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி கோமதிக்கு இதெல்லாம் தெரியும். நான் சிரித்த முகமாக வீட்டுக்குள் நுழைந்தால், "என்ன, மூணு நிமிசக்காரி என்ன சொல்லுதா?" என்பாள். அவளுக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. மேடம் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் சொல்லி அனுப்பியதே கோமதிதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். சில நாள் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை மாற்றக் கேட்டு நான் போன் போட்டதுண்டு.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். ஏரியாக்களுக்குள் ஸ்பீடுப் போட்டி வைத்தார்கள். எங்கள் ஏரியாதான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு. தலைப்பை எல்லா சைட்டிலும் ஒரே வரியாகச் சுருக்கிவிடலாம் என்று டிக்கெட் எழுதினேன். டிக்கெட் என்றால் கம்ப்யூட்டரில் பதிவாகிற விண்ணப்பம். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"அய்யனார் கோவில் சைட்டுக்குத் தர மாட்டேன் அண்ணாச்சி. அங்க காட்டோரத்துல நிக்கறவன் பேரை எட்டுத் தடவை எழுதணும். அவனுக்கு எடம் வேணும்."

"அங்க நாலு பேருதான மேடம் இருக்காங்க?"

"அந்த நாலு பேரும் பேச வேண்டாமா?"

டவுனுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அங்கே எல்லாரும் டவருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி சைட்டுக்கு வந்ததும் நிறுத்தினார். "ஆடிப்பூரத் தேர் வருதே. கூட்டத்துக்கு இந்த ஒத்த வரி காணுமா?" என்று கேட்டார். "தேருக்கு முன்னாடி பழையபடி மூணாக்கிருவோம் மேடம், அதுக்கு டிக்கெட் நானே போட்டுருதேன்" என்றேன். நம்பிக் கொடுத்தார். எங்கள் ஏரியா ஜெயித்தது. எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். கோமதி அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆடி பிறந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று நான் அலைந்துகொண்டிருந்தேன். திருவிழா நாட்களில் கம்பெனியில் ஃப்ரீஸ் என்று ஒன்று போடுவார்கள். அந்த நாட்களில் யாரும் எந்த சைட்டிலும் கை வைக்கக் கூடாது, மேலதிகாரிகள் மூன்று பேர் எழுத்தில் சம்மதித்தாலொழிய. மாற்றுவதை அதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் போட வேண்டிய டிக்கெட்டை நான் போடவில்லை. மறந்தேன். இதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

தேரன்று காலையில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தேரடியில் நின்றேன். ஜனம் ரத வீதியெல்லாம் நெருக்கியடித்து நின்றது. லேப்டாப்பைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிக்னல் முழுசாக இருக்கிறது. சரக்கு வரிகள் பாதிக்கு மேல் காலி. ஆனால் போன்கள் கை தூக்கித் தூக்கிப் பார்க்கின்றன, கிராண்ட் வரவில்லை. கல்யாணப் பந்தியில் உள்ளே இலைகள் காலியாகக் கிடக்க, வாசலில் பெயர் கூப்பிடுகிறவர் திணறிக்கொண்டு நின்றால் எப்படியிருக்கும், அப்படி. உள்ளே வரும் காலுக்கும் இதே கதிதான். "உனக்கு போன் வருகிறது" என்று சொல்லவும் டவருக்குத் தலைப்பில்தான் இடம் வேண்டும். அந்த ஒத்த வரி என்னுடைய வேலை.

அப்போது ஒருவர் என் அட்டையைப் பிடித்து இழுத்தார். முப்பது வயசிருக்கும், மகாராஜபுரத்துக்காரராம். வேட்டி சட்டையெல்லாம் வியர்வை. "நீங்க இந்தக் கம்பெனிதான? பாருங்க, டவர் முழுசா இருக்கு, ஒரு போன் போக மாட்டேங்கு. எம்பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு. அந்தா, அந்தக் கடைப் படியில உக்காந்திருக்கா" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

எங்கள் வேலையில் ஒரு வெட்கக்கேடான வழக்கம் உண்டு. ஃபீல்டில் இருக்கிற எல்லாரும் பேன்ட் பையில் இன்னொரு கம்பெனி சிம் போட்ட போன் ஒன்று வைத்திருப்போம். நம் டவர் படுத்துவிட்டால் நாம் யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனிக்குத் தெரிந்தால் நடவடிக்கை எடுப்பார்கள். அதை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். மறுமுனையில் பேசிய பெண், "பக்கத்துலயே வண்டி நிக்குது சார், ஆனா டிரைவருக்கு லைனே போகல, அவர் நம்பர் இந்த நெட்வொர்க்" என்று எங்கள் கம்பெனி பெயரையே சொன்னாள்.

அதே போனிலிருந்து டெஸ்க் லைனுக்கு அடித்தேன். புகார் மேல் புகாராக வந்து அது பிசி. மேடத்தின் சொந்த நம்பருக்கு அடித்தேன். அந்த அவசரத்திலும் குரல் அதே நிதானத்தில்தான் வந்தது.

"மேடம், தேரடி, செக்டர் ரெண்டு. பழைய மதிப்பு ஒண்ணு. மூணாக்கணும்."

"டிக்கெட் போடல இல்லியா நீங்க?"

"மறந்துட்டேன் மேடம். இங்க ஒரு பிள்ளைத்தாச்சி வலியில இருக்கா. ஆம்புலன்ஸ் டிரைவருக்குக் கால் போகல."

விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "ஃப்ரீஸ்ல இருக்கு அண்ணாச்சி. மாத்துனா செக்டர் ஒருதரம் விழுந்து எந்திரிக்கும். ஒரு நிமிசம் எல்லாருக்கும் போயிரும். போடவா?"

"போடுங்க மேடம். கேக்கது நான். என் பொறுப்பு."

"போட்டாச்சு."

விழுந்தது. ஒரு நிமிஷத்தில் எழவில்லை. இரண்டாயிற்று, மூன்றாயிற்று. தேரடியில் எங்கள் சிம் போட்ட ஒரு போனிலும் சிக்னலே இல்லை. அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுத? மேடம் அங்கே மறுபடி மறுபடி எழுப்பிப் பார்க்கிறார், எனக்குக் கேட்கிறது. "அண்ணாச்சி, லைன்லயே இருங்க" என்றார். "இருக்கேன் மேடம், இங்கனதான் இருக்கேன்" என்றேன். பதினோராவது நிமிஷத்தில் செக்டர் எழுந்தது, மூன்று வரித் தலைப்போடு. என் திரையில் கிராண்டுகள் மளமளவென்று இறங்கின. சுற்றிலும் போன்கள் மணியடிக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் பின்தெரு வழியாக வந்தது. அந்தப் பெண்ணை ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கூசியது. தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாக அந்த மனுஷன் பிறகு போனில் சொன்னார். ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. திருவிழாவன்று பதினோரு நிமிஷம் செக்டர் படுத்திருக்கிறது. ஃப்ரீஸில் கை வைத்தது யார்? பதிவில் ஸ்டெல்லா மேடத்தின் ஐடி இருக்கிறது. கேட்டது யார் என்பதற்குப் பதிவே இல்லை. நான் பேசியது டெஸ்க் லைனில் அல்ல, கம்பெனி போனிலும் அல்ல. முந்தின நாள் ஏரியா மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க வாயைத் திறந்தா டிக்கெட் மறந்தது வரும், ரெண்டாவது சிம் வரும், பொறவு நானும் வருவேன். மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க. யோசிச்சுக்கோங்க" என்றார்.

விசாரணை கான்ஃபரன்ஸ் காலில் நடந்தது. நான் ராஜபாளையம் ஆபீஸில், கதவைச் சாத்திக்கொண்டு, மியூட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தலைமை அதிகாரி கேட்டார், யார் சொல்லி மாற்றினீர்கள் என்று. மேடம், "ஃபீல்டுல இருந்து கேட்டாங்க சார், ராஜபாளையம்" என்றார். "ராஜபாளையம், லைன்ல இருக்கீங்களா?" என்றார் அதிகாரி. என் விரல் மியூட் பொத்தான் மேல் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. அழுத்தினால் போதும்.

நான் அழுத்தவில்லை.

"ராஜபாளையம்?" என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு மேடத்தின் குரல், மெதுவாக: "அண்ணாச்சி, இருக்கீங்களா?" அத்தனை அதிகாரிகளுக்கு நடுவில் அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேனேஜர் குறுக்கே புகுந்தார். "சார், அங்க காலையில இருந்து சிக்னல் சரியில்ல. கட் ஆயிருக்கும்." ராஜபாளையத்தில் சிக்னல் சரியில்லையாம். நான் தெருத் தெருவாகச் சுற்ற, மேடம் லைனில் இருக்க, இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்த ஊர்! பதிவு ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி மேடத்தைக் கேட்டார். "இல்ல சார். விட்டுருங்க" என்றார். அந்த மாதக் கடைசியில் மேடத்திடம் ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள்.

பயம். அதற்கு வேறு பெயர் கிடையாது. மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. அதன் பிறகு டெஸ்க்கில் வந்தவர்களெல்லாம் கேட்டதைக் கொடுத்துவிட்டு உடனே போனை வைத்தார்கள், மூன்று நிமிஷ விதியை யாரும் மதிக்கவில்லை. நான் மட்டும் போனைக் காதில் வைத்தபடியே செத்த நேரம் நிற்பேன். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அப்படித்தான் நின்றேன். மழை பெய்தால் ஏக்கமாக இருக்கும். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சொல்ல ஆள் இல்லை. அவர் சொந்த நம்பர் என் போனிலேயேதான் இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. லைன் கட் ஆகிவிட்டது என்று மேனேஜர் சொன்னதை மேடமும் நம்பியிருப்பார், நான் பேச விரும்பியும் முடியாமல் போனதாக நினைத்திருப்பார் என்று. இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

இந்தக் கட்டுரையின் முதல் பாதியை எழுதிவிட்டுக் கோமதியிடம் படிக்கக் கொடுத்தேன். கன்ட்ரோல் சேனல் வரைக்கும் படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. மிச்சத்தையும் எழுதுவீங்களா, இல்ல இத்தோட முடிச்சு அனுப்பிருவீங்களா?" என்று கேட்டாள். நான் தாள்களை வாங்கி அடுக்கினேன். "அவளுக்கு ஒரு போன் போடுங்க. பதினோரு வருசம் பேசுன வாய்தான?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்றுக் காலையில் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அண்ணாச்சியா?"

என் நம்பரை அவரும் அழிக்கவில்லை. அம்மா தவறிவிட்டார்களாம். ஊர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாராம். மீன் நன்றாகக் கிடைக்கிறதாம். என் மகளைப் பற்றிக் கேட்டார், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் துணிந்து ஆரம்பித்தேன்.

"மேடம், அன்னைக்கு விசாரணையில அந்த லைன்..."

"கட் ஆகல அண்ணாச்சி" என்றார். குரலில் கோபமே இல்லை. "கான்ஃபரன்ஸ் போட்டது எங்க டெஸ்க்தான், ஆளுங்க பேரெல்லாம் எங்க ஸ்கிரீன்ல மட்டும் லிஸ்டா தெரியும்லா. உங்க பேரு கடைசி வரைக்கும் இருந்துச்சு. பக்கத்துல மியூட் போட்ட அடையாளமும் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க? லைன்லதான் இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வேலை..."

"சொல்லியிருந்தா பேசியிருப்பீங்க. நீங்களாப் பேசுவீங்கன்னு பாத்தேன்."

பின்னால் அவருடைய பாலிடெக்னிக்கில் மணியடித்தது. ஆண்டு மலருக்கு எழுதுகிறேன், நடந்ததை நடந்தபடி எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. எம்பேரு வேண்டாம். உங்க பேரைப் போடுங்க" என்றார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

ஸ்டெல்லா என்பது அவர் பெயரல்ல. கார்த்திக், இந்தப் பகுதி மலருக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் கட்டுரை முழுவதையும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, பாதியைப் போடாதே. ஆடிப்பூரத் தேரன்று காலையில் தேரடி செக்டர் இரண்டை மாற்றச் சொல்லிக் கேட்டது நான். முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டியதை மறந்ததும் நான். விசாரணை முடியும் வரை லைனில் இருந்தேன்.

என் பெயர் சங்கரலிங்கம்.